கடலுக்கடியில் மூச்சு விடுவது

"ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?"

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா போய் வந்தேன் என்று சொன்னால் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். சுறா பற்றிய கேள்வி அப்புறம்தான். கேட்பவர்களுக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று நறுக்கென ஒரு பதில் வேண்டும். என்னால் கொடுக்க முடிவதில்லை. கணக்குப் போட்டுக் காட்டினால்தான் ஏன் என்று புரியும்.

நம் ஊர்ப் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் ஏறக்குறைய 11 லிட்டர் கொள்ளளவு உள்ளது. அதில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) காற்றை அடைத்தால், வெளியில் பரப்பிப் பார்க்கும்போது 2,200 லிட்டர் இருக்கும். கடைசி 50 பாரைத் தொடாமல் மேலே வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். ஆக, செலவுக்கு 150 பார், அதாவது 1,650 லிட்டர். கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 18 மீட்டரில் அது கரையில் இருப்பதைப் போல 2.8 மடங்கு. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவியான ரெகுலேட்டரும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் காற்றைத் தரும். அதனால் அங்கே விடும் ஒவ்வொரு மூச்சும் 2.8 மூச்சின் விலை. நிமிடத்துக்கு 15 லிட்டர் போதும் என்று நிதானமாக இருப்பவர் அந்த ஆழத்தில் 39 நிமிடம் இருக்கலாம். பதற்றத்தில் 30 லிட்டர் இழுப்பவர் 20 நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். அதே சிலிண்டர், அதே ஆழம், அதே கடல்தான்.

நான் அந்த இருபது நிமிடக் கூட்டத்தில்தான் இருந்தேன். படகில் என்னோடு வந்தவர்கள் இன்னும் கீழே ஆமை பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மேலே உட்கார்ந்து முறுக்குத் தின்ற நாட்கள் உண்டு.

கற்றது அந்தமானில், ஹேவ்லாக் தீவில். 2018 முதல் அதற்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர், ஆனால் படகுக்காரர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். வெதுவெதுப்பான தண்ணீர், கண்ணாடி போலத் தெளிவு, பயப்பட வெளியிலிருந்து ஒரு காரணமும் இல்லை. அங்கேயே எனக்கு மூச்சு வாங்கியது. வயது நாற்பதுக்கு மேல், நீச்சல் நன்றாகவே தெரியும். கிணற்றில் குதித்துக் கற்றவள். பிரச்சினை அந்தக் கிணற்றிலேயே தொடங்குகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

கிணற்றில் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? தண்ணீருக்குள் தலை போகிறது என்றால் தம் கட்டு. யார் அதிக நேரம் முங்கிக் கிடக்கிறார்கள் என்று போட்டி. இந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போய்விடுகிறது. முகத்தில் தண்ணீர் பட்டதும் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும். ஸ்கூபாவில் சொல்லித்தரும் முதல் விதியோ இதற்கு நேர் எதிர்: மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்கும் சங்குக்கும் தம் கட்டித்தானே மூழ்கினார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்விதான். அவர்கள் மேலே இழுத்த காற்றோடு கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இறங்கும்போது நெஞ்சுக்குள் இருக்கும் காற்று சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். அதற்கு மேல் விரியாது. ஸ்கூபாவில் நாம் கீழேயே, அந்த அழுத்தத்திலேயே காற்றை இழுக்கிறோம். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து அடைத்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். 1662இல் ராபர்ட் பாயில் எழுதிவைத்த விதி. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது, இங்கே நுரையீரலுக்குப் பொருந்துகிறது. ஒன்றரை மீட்டர் ஏறினாலே போதும், நுரையீரல் கிழிந்து ரத்தத்தில் காற்றுக்குமிழி கலக்க வாய்ப்பு உண்டு. எனவே மூச்சை விட்டுக்கொண்டே இருப்பது நாகரிகமான ஆலோசனை இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

சரி, நிறுத்தக் கூடாது என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன நடக்கும்? பயத்தில் குட்டிக் குட்டியாக, வேகமாக இழுப்போம். ரெகுலேட்டரிலிருந்து காற்று தாராளமாக வரும், மிச்சக் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் 150 பார் காட்டும், ஆனாலும் "காற்று வரவில்லை" என்று நெஞ்சு சத்தியம் செய்யும். எனக்கு இது நேர்ந்தபோது கருவியில்தான் கோளாறு என்று உறுதியாக நம்பினேன். பயிற்றுநர் தன் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு என்னுடைய மாற்று ரெகுலேட்டரில், அந்த மஞ்சள் நிறத்தில் தொங்குகிறதே, அதில் நாலு மூச்சு விட்டுக் காட்டினார். கோளாறு இல்லை.

அப்படியென்றால் அந்தத் திணறல் எங்கிருந்து வருகிறது? நாம் ஒரு முறை இழுக்கும் காற்றில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடும், நுரையீரலின் காற்றறைக்குப் போய்ச் சேராது. அடுத்த முறை இழுக்கும்போது முதலில் உள்ளே போவது அங்கே நின்ற பழைய காற்று. மத்தியானம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் முதலில் குழாயில் நின்ற சூட்டுத் தண்ணீர் வருமே, அது மாதிரி. நல்ல தண்ணீர் வருவதற்குள் குழாயை மூடிவிட்டால் எத்தனை தடவை திறந்தாலும் சூட்டுத் தண்ணீர்தான்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவு. நிமிடத்துக்கு 24 தடவை, தடவைக்கு கால் லிட்டர் இழுத்தால் மொத்தம் 6 லிட்டர். அதில் பயன்படுவது 2.4 லிட்டர். அதே 6 லிட்டரை 12 தடவையாக, அரை அரை லிட்டராக இழுத்தால் 4.2 லிட்டர் பயன்படும். 6 தடவையாக ஒரு லிட்டர் இழுத்தால் 5.1. சிலிண்டரிலிருந்து போவது ஒரே அளவு. உடம்புக்குக் கிடைப்பது இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொன்று, மூச்சு வேண்டும் வேண்டும் என்று மூளையை நச்சரிப்பது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. அது சேர்வதற்குக் காரணம் நாம் சரியாக வெளியே விடாதது. ஆழத்தில் காற்று அடர்த்தியாகவும் இருப்பதால் வேகமாக இழுக்க இழுக்க இழுப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. அந்த வேலை இன்னும் கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கிறது. பயத்தில் மூச்சு கெடுகிறது, கெட்ட மூச்சு பயத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழலில் மாட்டியவர்கள், சிலிண்டரில் காற்று இருக்கும்போதே வாயிலிருந்து ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிவதும் உண்டு. பயிற்றுநர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான்.

"அக்கா, இழுக்காதீங்க. விடுங்க. விட்டா அதுவா உள்ள வரும்" என்று புதுச்சேரியில் எனக்குச் சொன்ன பையன் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. நான் படித்த எல்லா விளக்கத்தையும்விட இதுவே வேலை செய்தது.

விடுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் "ஆழ்ந்து மூச்சு விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆழ்ந்து என்று காதில் விழுந்ததும் நாம் நெஞ்சைத் தூக்கி நிறைய இழுப்போம். ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்த நுரையீரலில் மேலும் இழுப்பது அது. அதற்குப் பதில் முதலில் காலி செய்ய வேண்டும். பல்லால் ரெகுலேட்டரின் ரப்பரைக் கடிப்பதை நிறுத்தி, உதட்டால் மட்டும் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தளர்த்தி, குமிழ்கள் காதோரம் குறுகுறுவென்று போகும் சத்தம் முழுக்க அடங்கும்வரை விட வேண்டும். அடிவயிறு லேசாக உள்ளே போவது தெரியும். அப்புறம் இழுக்க முயலவே வேண்டாம். வயிற்றைத் தளர விட்டால் காற்று தானாக உள்ளே வரும். இழுப்பதற்கு எடுக்கும் நேரத்தைவிட விடுவதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு நேரம். நான் எண்ணுவதில்லை; எண்ணினால் எண்ணிக்கையைப் பற்றிய கவலை சேர்ந்துகொள்கிறது. குமிழியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சுலபம். எண்ணினால் அமைதி வருகிறவர்கள் எண்ணட்டும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. உள்மூச்சில் இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளிமூச்சில் கொஞ்சம் குறையும். எல்லார் உடம்பிலும் நடப்பதுதான். வெளிமூச்சை நீட்டினால் மெதுவான பகுதியில் அதிக நேரம் இருக்கிறோம். மனசே அமைதியாகு என்று மனசிடம் கெஞ்சி நான் ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. மூச்சிடம் பேச முடிகிறது.

யோகா தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நமக்குப் பழக்கமான பிராணாயாமத்தில் பூரகம் (இழுப்பது), கும்பகம் (அடக்குவது), ரேசகம் (விடுவது) என்று மூன்று உண்டு. மரபில் 16, 64, 32 என்று மாத்திரைக் கணக்கு. இதில் மூச்சை அடக்கும் கும்பகம்தான் நீளம். தண்ணீருக்கு அடியில் அந்த நடுப்பகுதியை மறந்துவிட வேண்டும். எங்கள் குழுவில் ஒரு யோகா ஆசிரியை இருந்தார். மூச்சின் மேல் அவருக்கு இருந்த பிடிப்பு எனக்கெல்லாம் வராது. ஆனால் உள்ளே இழுத்ததும் தன்னையறியாமல் ஒரு நிறுத்து. ஒவ்வொரு நிறுத்துக்கும் அவர் மேலே மிதந்து போய்க்கொண்டிருந்தார். பயிற்றுநர் அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டே வந்தார்.

மிதந்து போனதற்கும் காரணம் உண்டு. நுரையீரலில் ஒரு லிட்டர் காற்று கூடினால் ஏறக்குறைய ஒரு கிலோ மிதப்பு கூடும். பதற்றத்தில் இருப்பவர் நெஞ்சில் எப்போதும் இரண்டு லிட்டர் அதிகமாக வைத்துக்கொண்டே மூச்சு விடுவார். அவரால் கீழே இறங்க முடியாது. உடனே இடுப்பில் இன்னும் இரண்டு ஈயக்கட்டி கட்டிவிடுவார்கள். இறங்கியதும் அந்த எடை அவரைத் தரைக்கு இழுக்கும், அதைச் சமன் செய்ய, மிதப்பைக் கூட்டிக் குறைக்க அணியும் ஜாக்கெட்டில் காற்றை ஊதுவார், ஊதியது அதிகமாகி மேலே போவார், கையைக் காலை அடித்துச் சமாளிப்பார். காற்றைவிடத் தண்ணீர் 800 மடங்கு அடர்த்தி. அதில் கை வீசுவது சும்மா இல்லை. மூச்சு தானாக இரைக்கும்.

இங்கேதான் நான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தண்ணீருக்கடியில் மூச்சு கெடுகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு மூச்சில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூச்சுப் பயிற்சி செய்து பயனில்லை.

எனக்கு ஒரு இடத்தில் தேவைக்கு மேல் ஈயம் கட்டி அனுப்பினார்கள். கூட்டம் அதிகம், எல்லாருக்கும் ஒரே அளவு. அன்று முழுக்க கால் கீழே தொங்கி, செங்குத்தாக நடப்பது போலத்தான் நீந்தினேன், காற்று பறந்துவிட்டது. இப்போது தண்ணீருக்குள் இறங்கியதும் சோதித்துவிடுகிறேன். ஜாக்கெட்டின் காற்றை முழுக்க விட்டு, சாதாரணமாக ஒரு மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு மேற்பரப்பில் அசையாமல் நிற்க வேண்டும். தண்ணீர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டர் காலியாக ஆக இரண்டு கிலோவுக்கு மேல் எடை குறையும் என்பதால் அதற்கு மட்டும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்டால் சில இடங்களில் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

குளிருக்காக உடம்போடு ஒட்டினாற்போல அணியும் ரப்பர் உடையான வெட்சூட் நெஞ்சைப் பிடித்தால் ஒரு அளவு பெரிதாகக் கேளுங்கள். 28 டிகிரித் தண்ணீரிலும் ஒரு மணி நேரம் இருந்தால் குளிரும், குளிரில் மூச்சு வேகமாகும். எனவே வெட்சூட் வேண்டாம் என்று வீரம் காட்டுவதும் சரியில்லை.

அப்புறம் முடி. இதை ஆண்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை. முன்நெற்றியில் பறக்கும் நாலு முடி, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கின் ரப்பர் ஓரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் போதும், அந்த வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும். மூக்கு நனையும். மூக்கு நனைந்ததும் கிணற்றுப் பழக்கம் விழித்துக்கொண்டு தொண்டையை அடைக்கும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் மாஸ்க் வழுக்கவும் செய்யும். நான் முதல் நாள் இரவே தலைக்குக் குளித்துவிடுகிறேன். காலையில் இறுக்கமாகப் பின்னல் போட்டு, நெற்றியில் ஒரு துணிப்பட்டை கட்டி முடியை ஏற்றிவிட்டு, அதன்பிறகே மாஸ்க். போட்டதும் விரலை ஓரமாகச் சுற்றிலும் ஓட்டிப் பார்ப்பேன். மாஸ்க் வாரை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைப்போம். இறுக்கினால் ரப்பர் மடங்கி இன்னும் கசியும்.

மாஸ்க்கில் தண்ணீர் வந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது, வெளியேற்றத் தெரிந்திருந்தால். மாஸ்க்கின் மேல் ஓரத்தை இரண்டு விரலால் நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்றே மேலே தூக்கி, மூக்கு வழியாக நிதானமாக விட வேண்டும். காற்று மேலே தங்கித் தண்ணீரைக் கீழ் ஓரமாகத் தள்ளிவிடும். சளி சிந்துவது போல வேகமாகச் சீறினால் பாதிதான் போகும். மறுபடி பார்த்தால் இதுவும் வெளிமூச்சுதான்.

இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என்னைச் சோதித்தது புதுச்சேரியில். அந்தமான் தண்ணீரில் கற்றுவிட்டு வங்கக்கடலின் இந்தக் கரைக்கு வந்தால் ஆளே மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கலங்கிக் கிடக்கும். மற்ற மாதங்களிலும் இன்று தெளிவு, நாளை கலக்கு என்று சொல்ல முடியாதபடி இருக்கும். அன்று படகிலேயே எனக்கு வயிறு சரியில்லை. அலையில் படகு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சிலிண்டரை மாட்டிக்கொண்டு வெயிலில் காத்திருந்ததில் வியர்த்துக் கொட்டியது. தண்ணீருக்குள் போனால் தெளியும் என்று நினைத்தேன்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஐந்தாறு மீட்டருக்குக் கீழே பச்சை. எனக்கு முன்னால் போன பையனின் துடுப்பு தெரிந்தது, ஆள் தெரியவில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பக்கவாட்டில் இழுத்தது. கயிற்றை விட்டால் என்னைக் கொண்டுபோய்விடும் என்று கை சொல்லிற்று. இடது கண்ணோரம் மாஸ்க்கில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கீழே தரை இல்லை, மேலே படகு இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே பச்சை. எது மேல் என்பதற்கு என் குமிழ் போகும் திசை மட்டும்தான் அத்தாட்சி. நெஞ்சு படபடத்தது, குட்டி மூச்சு தொடங்கிவிட்டது. கால் தன்பாட்டுக்கு மேல் நோக்கி உதைக்க ஆரம்பித்தது.

அந்தப் பையன் திரும்பி மேலே வந்தான். உள்ளங்கையைக் காட்டி நில் என்றான். என் கையைக் கயிற்றின் மேலேயே வைத்து அழுத்தினான். பிறகு தன் வாயருகே கையை வைத்து, வாயிலிருந்து தூரமாக மெதுவாக, மிக மெதுவாக நீட்டிக் காட்டினான். விடுங்க அக்கா. கூடவே அவனும் விட்டான், அவன் குமிழ் என் முகத்தின் முன்னால் வரிசையாக ஏறிப்போனது. அவனோடு சேர்ந்து விட்டேன். முதல் மூச்சு நடுங்கி நடுங்கிப் பாதியில் முறிந்தது. இரண்டாவதும் அப்படித்தான். அதற்கடுத்தது முழுதாகப் போனது. கால் உதைப்பதை நிறுத்தியிருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதன்பிறகு மாஸ்க்கில் இருந்த தண்ணீரை வெளியேற்றினேன், கேஜைப் பார்த்தேன். 140. நிறைய இருக்கிறது.

பிறகு இதை யோசித்துப் பார்த்தபோது அவன் செய்த வரிசை முக்கியம் என்று தோன்றியது. முதலில் என்னை நிறுத்தினான். நீந்திக்கொண்டே மூச்சைச் சரிசெய்ய முடியாது. ஓடிக்கொண்டே மூச்சு வாங்காமல் இருக்கச் சொல்வதற்குச் சமம் அது. அடுத்து, பிடித்துக்கொள்ள ஒன்றைக் கொடுத்தான். அப்புறம்தான் மூச்சு. மாஸ்க்கும் கேஜும் கடைசி. பயிற்சியில் "நில், மூச்சு விடு, யோசி, செய்" என்று பாடமாகச் சொல்லித்தருவது இதைத்தான். பதற்றத்தில் நாம் கடைசியில் இருக்கும் "செய்"யை முதலில் எடுத்துக்கொள்கிறோம். பிடிக்கக் கயிறு இல்லாத இடத்தில் மணல் தரையில் மண்டியிடலாம், பவளத்தின் மேல் வேண்டாம். அதுவும் இல்லையென்றால் துணையின் கையை அல்லது ஜாக்கெட் வாரைப் பிடித்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் எதற்கு?

மூச்சு சரியானபிறகு வயிறு தன் கணக்கைத் தீர்க்க வந்தது. கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: தண்ணீருக்கடியில் வாந்தி வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றக் கூடாது. அதை வாயில் கையால் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே எடுக்கலாம். வெளியேற்றும் வழியாகப் போய்விடும். முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் சுத்தமாகும். கழற்றிவிட்டு எடுத்தால், முடிந்ததும் உடம்பு தானாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அப்போது வாயில் ரெகுலேட்டர் இருந்தே ஆக வேண்டும். சின்ன மீன்கள் கூட்டமாக வந்து மிச்சத்தைத் தின்றதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்தால் மாஸ்க்கில் தண்ணீர் ஏறும், அது வேறு கதை.

அன்று நான் மேலே வந்துவிட்டேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். கரையில் அது சபாஷ். தண்ணீருக்கடியில் "மேலே போகலாம்" என்று அர்த்தம். எல்லாம் சரி என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் உற்சாகத்தில் கட்டைவிரலைக் காட்டிக்காட்டி, ஏன் என்னை மேலே கூட்டிவந்தீர்கள் என்று கோபித்துக்கொள்வது எல்லாப் படகிலும் நடக்கும்.

யாரும் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், டைவை முடித்துக்கொள்ளலாம். இது எழுதப்படாத பண்பாடு. ஆனாலும் பணம் கட்டியாகிவிட்டதே, கூட வந்தவர்களுக்குக் கெட்டுப்போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். நம்மவர்களிடம் இந்தத் தயக்கம் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன், குறிப்பாகக் குடும்பமாக வரும்போது. பயந்து நிற்கும் மனைவியைக் கணவன் "ஒண்ணும் ஆகாது, போ" என்று தள்ளுவதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் முயற்சிக்கான டைவ் 12 மீட்டருக்குள்தான், பயிற்றுநர் கையிலேயே பிடித்திருப்பார், உண்மைதான். ஆனால் போகமாட்டேன் என்பவரைப் போகவைக்க அது காரணமாகாது. ஆஸ்துமா, இதயப் பிரச்சினை பற்றிய கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் போடுவதும் இதே வகைதான்.

பயிற்சி வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு ஸ்நார்க்கல் குழாயும் அகலமான பேசினும் போதும். மாஸ்க் போடாமல் முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூக்கைப் பிடிக்காமல், வாயால் மட்டும் குழாய் வழியாக மூச்சு விட வேண்டும். முதலில் ரெண்டு மூச்சுக்குள் முகம் துள்ளி எழும். மூக்கில் தண்ணீர் தொட்டாலும் வாயால் மூச்சு விடலாம் என்பதை உடம்பு நம்ப சில நாட்கள் எடுக்கும். நம்பிவிட்டால் மாஸ்க் கசிவைப் பற்றிய பயத்தில் பாதி போய்விடும். முகம் குளிர்ந்த தண்ணீரில் இருந்தால் இதயத் துடிப்பும் இறங்கும், அதுவும் நல்லதே. ஆனால் நீச்சல் குளத்தில் தனியாகத் தம் கட்டிப் பழகாதீர்கள். ஸ்கூபாவுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, தண்ணீருக்குள் எச்சரிக்கையின்றி மயக்கம் வரும் ஆபத்து மட்டும் உண்டு.

காற்று மிச்சம் பிடிக்கும் போட்டியும் வேண்டாம். படகில் ஏறியதும் "உனக்கு எவ்வளவு மிச்சம், எனக்கு 90" என்று கேஜைக் காட்டும் ஆட்கள் எங்கும் உண்டு. அந்தப் பெருமைக்காக ஒரு மூச்சு விட்டு, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு மூச்சு என்று சிலர் ஓட்டுவார்கள். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, மேலே வந்ததும் நெற்றியைப் பிளக்கும் தலைவலி வரும். 30 மீட்டர் ஆழத்தில், அழுத்தத்தில் இழுக்கும் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும் நைட்ரஜன் போதை தலைக்கேறும் இடத்தில் இது அந்தப் போதையைக் கூட்டவும் செய்யும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் தலைவலிக்கிறது என்றால், தைலம் தேய்ப்பதற்கு முன்னால், கீழே மூச்சை எப்படி விட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். மாஸ்க் வாரை அதிகம் இறுக்கினாலும் வலிக்கும். தண்ணீர் குடிக்காவிட்டாலும் வலிக்கும். சிலிண்டர் காற்றில் ஈரமே இருக்காது, ஒவ்வொரு மூச்சும் நம் உடம்பின் நீரைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். மூட்டு வலி, மரத்துப்போதல், அசாதாரணக் களைப்பு என்று வந்தால் அது தைலம் தேய்க்கும் விஷயம் அல்ல. உடனே பயிற்றுநரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் காற்றுச் செலவு இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆமையைக் கண்டால் இன்னும் மூச்சு வேகமாகத்தான் ஆகிறது. கடைசியாக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பார்களே, அந்த நிறுத்தத்தில்தான் நான் கற்றதைச் சோதித்துப் பார்ப்பேன். ஜாக்கெட்டைத் தொடாமல், கையை மார்புக்கு முன்னால் கோத்துக்கொண்டு, மூச்சை மட்டும் வைத்து ஒரே ஆழத்தில் நிற்க முயல்வேன். இழுத்தால் உடனே ஏற மாட்டோம், ஓரிரு வினாடி கழித்துத்தான் உடம்பு ஏறத் தொடங்கும். அதற்குள் விடத் தொடங்கிவிட வேண்டும். ஆழத்தைக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் 4.8, 5.1, 4.9 என்று காட்டினால் அன்றைக்குப் பாஸ். 6, 4, 7 என்று குதித்தால், ஈயத்தையும் வெட்சூட்டையும் மறுநாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குறித்துக்கொள்வேன். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும் என்பதால், திரும்பும் விமானத்தை மட்டும் கடைசி டைவுக்கு 18 மணி நேரத்துக்குப் பிறகு வருமாறு பதிவு செய்யுங்கள். சென்னை விமானம் காலையில் என்றால் முந்தின நாள் மத்தியானம் டைவ் கிடையாது.